கரும்பு வயலை அகலமாக்குதல்: விளையாட்டு நிரலில் அணியின் அளவை மாற்றுவது பற்றி

விளையாட்டு நிரல் எழுதப் பழகுகிறவர்கள் ஓர் அணியில், அதாவது அரேயில், மதிப்பை வைப்பதையும் எடுப்பதையும் ஒரே மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அணியின் அளவை மாற்றுவது அத்தனை எளிதாகக் கைவருவதில்லை. "ரீசைஸ்" என்று ஒரு வரி எழுதினால் அது ஓடிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது, திரையிலும் முதல் சில நொடிகள் எல்லாம் சரியாகவே தெரியும். புதிதாகக் கிடைத்த இடத்தில் என்ன இருக்கிறது, பழையவை அதே இடத்தில்தான் இருக்கின்றனவா, இதே அணியை வேறு யார் கையில் வைத்திருக்கிறார்கள் ஆகிய கேள்விகளுக்கு அந்த ஒற்றை வரி பதில் சொல்வதில்லை. அவற்றுக்கு நாமே பதில் எழுதியாக வேண்டும் என்பதும், அந்தப் பதில் நிரலின் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

இங்கே ரோஸ் ஹில்லில் வார இறுதிகளில் என் அக்கா மகளும் நானும் சேர்ந்து ஒரு சிறு விளையாட்டைச் செய்துவருகிறோம். மொரீசியஸில் வளர்ந்த எவருக்கும் பழக்கமான கரும்பு வயல்தான் அதன் களம். வயலின் நடுவே கறுத்த எரிமலைக் கற்களைப் பொறுக்கிக் குவித்த மேடுகள் இருக்கும். அவற்றைச் சுற்றித்தான் நட வேண்டும், வெட்ட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடாட் என்ற இலவச எஞ்சினில், அதன் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டில் எழுதுகிறோம். கோடாட் அர்ஜென்டினாவில் பிறந்தது, 2014இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்தில் பிள்ளைகள் எழுதும் மொழிக்கு மூலமான லுவா 1993இல் பிரேசிலில் பிறந்தது. தென் கோளத்தில் வாழும் எங்களுக்கு இதில் ஒரு சிறு பெருமை உண்டு.

வயல் 8 பத்தி அகலமும் 6 வரிசை உயரமும் கொண்டது. மொத்தம் 48 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெற்று நிலம், முளை, முற்றிய கரும்பு, வெட்டிய கட்டை, கற்குவியல் ஆகியவற்றுள் ஒன்று இருக்கும். இதை வரிசைக்கு ஓர் அணியாக ஆறு அணிகளில் வைக்காமல், 48 இடங்கள் கொண்ட ஒரே நீள அணியாக வைத்திருக்கிறோம். வரிசையை அகலத்தால் பெருக்கிப் பத்தியைக் கூட்டினால் சுட்டெண், அதாவது அணியில் அந்தக் கட்டத்தின் இட எண், கிடைத்துவிடும். வரிசை, பத்தி இரண்டையும் சுழியிலிருந்து எண்ணுவதால், வரிசை 3, பத்தி 2இல் உள்ள கற்குவியலின் சுட்டெண் 3 × 8 + 2, அதாவது 26. இந்த முறை வேகமானது, கோப்பில் சேமிக்க எளியது, பெரும்பாலான கட்டவிளையாட்டுகள் பயன்படுத்துவது.

பக்கத்து நிலத்தை வாங்கினால் வயல் 10 பத்தி அகலமாக வேண்டும் என்பது விளையாட்டின் அடுத்த கட்டம். அகலம் என்ற மாறியை 10 ஆக்கி, அணியை 60 இடங்களுக்கு ரீசைஸ் செய்து அவள் ஓட்டிப் பார்த்தாள். "மாமா, வயல் பெருசாயிடுச்சு, ஆனா கல்லெல்லாம் நடந்து போயிருக்கு" என்றாள். அவள் சொன்னது துல்லியமான விவரணை. 26ஆம் இடத்தில் இருந்த கற்குவியல் அணியில் அசையவே இல்லை. 26 என்ற எண்ணின் பொருள்தான் மாறியிருக்கிறது. அகலம் 10 என்றால் 26 என்பது வரிசை 2, பத்தி 6. கல் ஒரு வரிசை மேலேயும் நான்கு பத்தி வலப்புறமும் நகர்ந்துவிட்டதாகத் திரை காட்டுகிறது. அது இருக்க வேண்டிய சுட்டெண் 32. முதல் வரிசை மட்டும் சரியாக இருக்கும், அதன் வாலில் இரண்டாம் வரிசையின் முதல் இரண்டு கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கீழே ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட இரண்டு கட்டம் கூடுதலாகச் சரியும். அணி செய்தது முழுக்கச் சரி. கடைசியில் 12 இடங்களைச் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தது. பத்தி என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

உயரத்தை மட்டும் கூட்டியிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 8 × 6 என்பதை 8 × 9 ஆக்கினால் 72 இடங்கள். பழைய 48உம் அப்படியே நிற்க, புதிய மூன்று வரிசைகள் வாலில் சேரும். ஆகவே வயல் எந்தத் திசையில் வளரும் என்பதை வடிவமைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. கிழக்கு நோக்கி மட்டுமே வளரும் என்றால், கட்டங்களை வரிசை வரிசையாக அடுக்காமல் பத்தி பத்தியாக அடுக்கிவிடலாம். அப்போது அகலமாக்குவது வெறும் வால்நீட்டலாகிவிடும். நான்கு திசையிலும் வளரும் என்றால் அணியையே விட்டுவிட்டு, கட்டத்தின் வரிசை, பத்தி எண்களைத் திறவுகோலாகக் கொடுத்தால் மதிப்பைத் தரும் டிக்‌ஷனரியில் வைப்பதுதான் முறை. எங்கள் வயல் கிழக்கிலும் தெற்கிலும் வளர்வது. 60 கட்டங்களை நகலெடுப்பதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதே வீண். எனவே புதிதாக ஓர் அணியை உருவாக்கி, பழைய அணியின் ஒவ்வொரு கட்டத்தையும் பழைய அகலத்தால் படித்து, புதிய அகலத்தால் எழுதுகிறோம்.

புதிய அணி வேண்டாம், இருக்கும் அணிக்குள்ளேயே நகர்த்திக்கொள்கிறேன் என்பவர்கள் திசையைக் கவனிக்க வேண்டும். அகலமாக்கும்போது ஒவ்வொரு கட்டமும் பின்னோக்கிப் போகிறது. ஆகவே கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கி முன்னோக்கி வர வேண்டும். முதலிலிருந்து தொடங்கினால், இன்னும் நகர்த்தாத கட்டத்தின் மேலேயே எழுதிவிடுவோம். குறுக்கும்போது இது தலைகீழ்: முதலிலிருந்து தொடங்கி, எல்லாம் இடம் மாறிய பிறகே ரீசைஸ்.

அடுத்து, புதிய இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஜிடிஸ்கிரிப்டின் பொதுவான அணியை நீட்டினால் புதிய இடங்களில் "நல்" என்ற இன்மை மதிப்பு இருக்கும். முழு எண் என்று வகை குறித்த அணியானால் அந்த வகையின் இயல்பு மதிப்பான சுழி இருக்கும். "பேக்ட்" என்று தொடங்கும் செறிவான அணிகளைப் பொறுத்தவரை, வாலில் இடம் ஒதுக்கப்படும் என்பதற்கு மேல் கையேட்டுக் குறிப்பை நம்பி எதையும் கட்டாமல், மதிப்பை நாமே எழுதிவிடுவது உத்தமம். இங்கே சுழி என்பதற்கு நம் விளையாட்டில் என்ன பொருள் என்பது முக்கியமாகிறது. கட்ட வகைகளைப் பட்டியலிடும்போது கற்குவியலை முதலில் எழுதியிருந்தால் அதன் எண் 0. வயலை நீட்டியவுடன் புதிய நிலம் முழுவதும் கற்களாக முளைத்து நிற்கும். வெற்று நிலத்துக்கு 0 கொடுத்தால் அதே நிரல் பிழையின்றி ஓடும். எந்த மதிப்பு தவறுதலாக வந்து சேர்ந்தாலும் கேடு விளையாதோ அதற்கே சுழியைக் கொடுக்க வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவேன்.

"ஃபில்", அதாவது நிரப்பு, என்ற செயற்கூறு இருக்கிறதே, அதால் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அது அணி முழுவதையும் நிரப்புவது; குறிப்பிட்ட இடத்திலிருந்து தொடங்கு என்று அதனிடம் சொல்ல வழியில்லை. நீட்டிய பிறகு அதை அழைத்தால் நட்ட கரும்பு முழுவதும் போய்விடும். புத்தம் புதிய அணியை நிரப்ப மட்டுமே அது ஏற்றது. அங்கும் ஒரு பொறி உண்டு. வரிசைக்கு ஓர் அணி என்ற முறையில் வயலைக் கட்ட நினைத்து, வெளி அணியை ஆறு இடங்களுக்கு நீட்டி, அதை ஒரு வெற்று அணியால் ஃபில் செய்தால், ஆறு வரிசைகளும் ஒரே அணியைச் சுட்டி நிற்கும். முதல் வரிசையில் ஒரு கரும்பை வெட்டினால், அதே பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஆறு கரும்புகளும் ஒரே வீச்சில் விழும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகப் புதிய அணியைச் சுழற்சிக்குள் உருவாக்குவதே இதற்கு வழி.

எல்லையைத் தாண்டிப் படிப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அளவு மாறும் அணியில்தான் அது அதிகம் நிகழ்கிறது. ஒரு கரும்பில் தீப்பிடித்தால் இடப்பக்கத்துக் கட்டத்துக்குப் பரவ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுட்டெண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடப்பக்கம் என்று எழுதுவது இயல்பு. பத்தி 0இல் உள்ள கட்டத்துக்கு அப்படிக் கழித்தால் மேல் வரிசையின் வலக்கோடிக் கட்டம் வரும். அணியின் முதல் கட்டத்துக்குக் கழித்தால் -1 வரும். ஜிடிஸ்கிரிப்டில் -1 என்பது அணியின் கடைசி இடம், பிழையல்ல. வடமேற்கு மூலையில் வைத்த தீ தென்கிழக்கு மூலையில் எரியும். ஆகவே எந்த நிரலும் அணியை நேரடியாகத் தொடக் கூடாது. வரிசையையும் பத்தியையும் பெற்றுக்கொண்டு, இரண்டும் எல்லைக்குள் உள்ளனவா என்று பார்த்து, கட்டத்தைத் தரும் ஒரே செயற்கூறு வழியாகவே போக வேண்டும். வைப்பதற்கும் அதேபோல் ஒன்று. அளவு மாறும்போது அந்த இரண்டையும் மட்டும் சரிபார்த்தால் போதும்.

மூன்றாவது கேள்விதான், அதாவது இதே அணியை வேறு யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான், பலரை நாள்கணக்கில் அலைக்கழிப்பது. ஜிடிஸ்கிரிப்டில் ஓர் அணியை இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் நகல் உண்டாவதில்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரே அணி. ஒருவர் ரீசைஸ் செய்தால் மற்றவருக்கும் அது நீளும். யூனிட்டி என்ற எஞ்சினில் சி ஷார்ப் மொழியில் எழுதுவோருக்கு நிலைமை வேறு. அங்கே அணியின் நீளம் பிறப்பிலேயே உறுதியானது. "அரே ரீசைஸ்" என்ற பெயரில் இருப்பது புதிய அணியை உருவாக்கி, மதிப்புகளை நகலெடுத்து, நாம் கொடுத்த மாறியைப் புதியதன் பக்கம் திருப்பிவிடுகிறது. அதே பழைய அணியை முன்பே வாங்கி வைத்திருந்த வரைபடத் துண்டோ, எதிரிகளின் நகர்வு நிரலோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். வீடு மாறியவர் பழைய முகவரியிலேயே கடிதத்தை எதிர்பார்க்கும் நண்பர்களுக்குச் சொல்லாமல் போனதைப் போன்ற நிலை இது.

நாங்கள் வயலை அகலமாக்கும்போது புதிய அணியை உருவாக்கினோம் அல்லவா? ஆகவே ஜிடிஸ்கிரிப்டிலேயே எழுதினாலும் யூனிட்டியின் அதே நிலைக்கு வந்துவிட்டோம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. "அசைன்" என்ற செயற்கூறு புதிய அணியின் உள்ளடக்கத்தைப் பழைய அணிக்குள்ளேயே கொட்டி, அளவையும் பொருத்திவிடும். பழையதைப் பிடித்திருக்கும் எல்லோரும் புதிய வயலைக் காண்பார்கள். ஆனால் அவர்கள் தனியாகக் குறித்து வைத்திருக்கும் அகலம் இன்னும் 8ஆகவே இருக்கலாம். அணியும் அகலமும் பிரிந்து போவதுதான் இந்தக் குழப்பங்களின் வேர் என்பதால், இரண்டையும் வயல் என்ற ஒரே பொருளுக்குள் பூட்டி, அணியை வெளியே யாருக்கும் கொடுக்காமல் இருப்பதையே நான் விரும்புகிறேன். அளவு மாறியதும் வயல் ஒரு சிக்னல், அதாவது அறிவிப்பு, விடும்; திரையை வரையும் நிரல் அதைக் கேட்டு மறுபடி வரைந்துகொள்ளும்.

எல்லா அணிகளும் வளர வேண்டியவை அல்ல. மதிப்பெண்ணைத் தமிழ் எண்களில் காட்ட வேண்டும் என்று அவள் விரும்பினாள். எங்கள் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்கள் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது இயல்பான ஆசை. அதற்கு ௦ முதல் ௯ வரையிலான பத்து எழுத்துகள் கொண்ட ஓர் அணி போதும். அதை மாறிலியாக அறிவித்துவிட்டோம். கோடாட் 4இல் மாறிலி அணியை யாரும் நீட்டவோ திருத்தவோ முடியாது.

இனி வேகத்தைப் பற்றி. வயல் போன்ற, நிலை மாறும்போது மட்டும் அளவு மாறும் அணிக்கு இது பொருட்டல்ல. வெட்டிய கரும்பிலிருந்து பறக்கும் சருகுகள், எலிகள், லாரிகள் என்று ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரை மறுபடி வரையப்படும் ஒவ்வொரு முறையும், கூடிக் குறையும் அணிகளுக்குப் பொருட்டு. நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான். சி ஷார்ப் அணியை ஒவ்வொன்றாக நீட்டி 1,000 உறுப்புகள் வரை கொண்டுபோனால், ஒவ்வொரு முறையும் பழையவை அனைத்தும் நகலெடுக்கப்படுவதால், மொத்தம் 4,99,500 நகல்கள் ஆகின்றன. அதே மொழியின் "லிஸ்ட்" என்ற வளரும் பட்டியல், இடம் தீரும்போதெல்லாம் கொள்ளளவை இரட்டிப்பாக்குகிறது: 4, 8, 16 என்று போய் 1,024 வரை. அதே 1,000 உறுப்புகளுக்கு அங்கே ஆவது 1,020 நகல்கள் மட்டுமே. கொள்ளளவை முன்கூட்டியே 1,000 என்று சொல்லிவிட்டால் நகலே இல்லை. ஜிடிஸ்கிரிப்டிலும் ஒவ்வொன்றாக அப்பெண்ட் செய்வதைவிட, அதாவது வாலில் சேர்ப்பதைவிட, ஒரே முறை ரீசைஸ் செய்து இடங்களில் எழுதுவது விரைவு. யூனிட்டியில் கைவிடப்பட்ட பழைய அணிகள் எல்லாம் நினைவகக் குப்பையாகச் சேர்ந்து, அதை அள்ளும் நேரத்தில் ஆட்டம் ஒரு கணம் திக்கும் என்பதும் கூடுதல் காரணம்.

நீக்குவதில் இடம் முக்கியம். கடைசி உறுப்பை நீக்குவது மலிவு. முதல் உறுப்பை நீக்கினால் பின்னால் இருப்பவை அனைத்தும் ஒரு படி முன்னே நகர வேண்டும். ஆலை வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கும் காட்சிக்கு முதல் லாரியைத்தான் நீக்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. பத்து இருபது லாரிகளுக்கு அந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். எலிகளுக்கு வரிசை ஏது? ஓர் எலி போனால் கடைசி எலியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கடைசி இடத்தை நீக்கிவிடலாம். அன்ரியல் எஞ்சினின் அணியில் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. மற்ற மொழிகளில் இரண்டு வரியில் நாமே எழுதிக்கொள்ளலாம். சுற்றிவரும்போதே நீக்க வேண்டியிருந்தால் கடைசிச் சுட்டெண்ணிலிருந்து முதல் நோக்கி வர வேண்டும். முன்னோக்கிப் போய்க்கொண்டே நீக்கினால், நீக்கியதற்கு அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்து வந்துவிட, நாம் அதைப் பார்க்காமலேயே தாண்டிவிடுவோம்.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. அன்ரியலின் காட்சிவழி நிரல்முறையான புளூபிரின்டில் அணியின் ஓர் இடத்தில் மதிப்பை வைக்கும் முடிச்சில் "சைஸ் டு ஃபிட்" என்ற ஒரு பெட்டி உண்டு. அதில் குறியிட்டால், இல்லாத இடத்தில் எழுதும்போது அணி தானாக நீளும். கேம்மேக்கரில் எல்லைக்கு அப்பால் எழுதினால் இடையில் உள்ள இடங்கள் சுழியால் நிரம்பும். இரண்டும் வசதிதான், ஆனால் தவறான சுட்டெண்ணைக் கண்டுபிடிக்க உதவும் பிழைச் செய்தியையும் அவை விழுங்கிவிடுகின்றன. லுவாவில் ரீசைஸ் என்ற ஒன்றே இல்லை. வால் இடத்தில் "நில்" என்ற இன்மை மதிப்பை எழுதினால் அணி குறையும், அடுத்த இடத்தில் எழுதினால் கூடும். நடுவில் நில் எழுதி ஓட்டை விழுந்துவிட்டால், நீளம் கேட்கும் குறி அந்த ஓட்டைக்கு முந்தைய எண்ணையும் தரலாம், உண்மையான வாலின் எண்ணையும் தரலாம்; எனவே வெற்றுக் கட்டத்துக்கு நில் வைக்காமல் 0 அல்லது பொய் (ஃபால்ஸ்) என்ற மதிப்பு வைக்க வேண்டும். எண்ணிக்கை 1இலிருந்து தொடங்குவதால், எங்கள் சூத்திரத்தில் வரிசையிலிருந்து ஒன்றைக் கழித்த பிறகே பெருக்க வேண்டும்.

சேமித்த ஆட்டங்களை மறந்துவிடக் கூடாது. கோப்பில் 48 எண்களை மட்டும் எழுதியிருந்தால் அது 8 × 6 வயலா, 12 × 4 வயலா என்று அடுத்த முறை திறக்கும்போது யாரும் சொல்ல முடியாது. அகலத்தையும் உயரத்தையும் அணிக்கு முன்னால் எழுதி, ஏற்றும்போது வயலை அகலமாக்கும் அதே செயற்கூறைக்கொண்டே புதிய அளவுக்கு மாற்றுகிறோம். தனியாக ஒரு மாற்று நிரல் தேவைப்படவில்லை.

இப்போது அவள் புயலைச் சேர்க்க வேண்டும் என்கிறாள். இத்தீவில் புயல் எச்சரிக்கை 1 முதல் 4 வரை வகுப்புகளாக அறிவிக்கப்படும். நான்காம் வகுப்பில் வயலின் கிழக்கு ஓரம் வெள்ளத்தில் மூழ்கி, வயல் குறுகிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். குறுக்குவது என்றவுடன் அணியையும் குறுக்கினால், வெட்டுப்பட்ட பத்திகளில் இருந்த கட்டைகள் நிரந்தரமாக அழிந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு மறுதாம்புக் கரும்பு துளிர்க்க எதுவும் மிஞ்சாது. ஆகவே அணியை 10 பத்தி அகலத்திலேயே விட்டுவிட்டு, பயன்பாட்டு அகலம் என்ற இன்னொரு எண்ணை 8ஆகக் குறைக்கிறோம். சுட்டெண் கணக்குக்கு 10, எல்லைச் சோதனைக்கு 8. இரண்டு எண்களையும் கோப்பில் எழுத வேண்டியிருப்பதால் சேமிப்பின் பதிப்பு எண்ணையும் ஒன்று கூட்டியிருக்கிறோம்.